பெட்டி தூக்கையில பஸ்ஸுப் பாட்டு

— செத்த வீட்டுல போடுற பாட்டாண்ணே அது?

— வேணும்னேயா போட்டேன், நிஷா? கை தவறிப் போச்சு.

— செத்துப்போன முருகையா மாமாவோட பெட்டியத் தோள்ல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மேலேர்ந்து என் பாட்டு விசிலடிச்சுக்கிட்டு வருது!

— சொல்றதக் கேளேன். மேல் லயத்து வீடுகள்லதான் கரண்டு ஒழுங்கா இருக்குன்னு பாட்டு செட்ட அங்க வச்சேன். பெட்டி தூக்குனா பாட்ட நிறுத்தணும். அதுக்கு நிமலன் கீழ செத்த வீட்டுலேர்ந்து கையக் காட்டணும். அதான் பேச்சு. ஒரே பனிமூட்டம். உள்ளுக்குள்ள ஒரு கை ஆடுச்சு. அடுத்த பாட்டப் போடச் சொல்றான்னு அமுக்கிட்டேன்.

— அடுத்தது என் பாட்டா?

— ஸ்பீக்கர் செக் பண்ண அதத்தான் வச்சிருக்கேன். விசிலு, கைதட்டு, எல்ல டவுனுல ஒனக்கு அந்த டூரிஸ்ட் வெள்ளக்காரி குடுத்துட்டுப் போன சின்ன கிட்டாரு, எல்லாம் தனித்தனியா கேக்கும். நல்ல வேள, பெட்டி கவுந்துடல. பின்னாடி தூக்குனவன் காலு தாளத்துக்கு எட்டு வச்சிச்சாம்.

— சிரிக்காத! தோட்டத்துத் தலைவரு என்ன சொன்னாரு?

— அவரு கெடக்காரு.

— சொல்லுண்ணே.

— ‘அந்தப் புள்ளய இனிமே அந்தப் பாட்ட எங்கயும் பாட வேணாம்னு சொல்லு’ன்னாரு.

— பாடல. ஞாயித்துக்கிழம பதுளை மேடையும் வேணாம். போன்லேர்ந்து அழிச்சிடுறேன். ஒன் பென்டிரைவையும் குடு.

— ஏய், என்னா புள்ள! ரெக்கார்டுல வெளிச் சத்தம் விழக் கூடாதுன்னு கம்பளிக்குள்ள பூந்து, வேர்த்து வேர்த்துப் பாடுனியே!

— பதுளையில மேட போடுறவங்களும் இந்தப் பாட்டுக்கு மொதல்ல தயங்குனாங்கதான. தோட்டத்துப் பொண்ணு பாடுனா கண்ணு கலங்கணுமாம். கொழுந்துக் கூடை வரணுமாம், அட்டக்கடி வரணுமாம்.

— ஒன் பாட்டுல அட்ட வருதே.

— என் அட்ட, டிக்கெட் இல்லாம பஸ்ஸுல ஏறி, கண்டக்டர் காலப் புடிக்குது!

— அதான் அழகு! நான் செட்டுக்காரன் நிஷா, நாள் பூரா பாட்டுக்குள்ளதான் கெடக்கேன். சாமிப் பாட்டு கும்புடச் சொல்லுது. சோகப் பாட்டு அழச் சொல்லுது. காதுகுத்துல போடுறது ஆடச் சொல்லுது. ஒன் பாட்டு என்னைய ஒண்ணும் செய்யச் சொல்லல. சும்மா பக்கத்துல வந்து ஒக்காந்துக்குது. ‘வந்தா வரட்டும், வராட்டி போகட்டும், பசறை வரைக்கும் பாட்டிருக்கு!’ இதப் பாடிக்கிட்டே மழையில ஸ்பீக்கரத் தூக்கிட்டு நடந்தா எனக்குக் கனமே தெரியல.

— ஒனக்குத் தெரியல. லெட்சுமி அக்காவுக்கு? பெத்த அப்பாவத் தூக்கிட்டுப் போறப்ப விசில் சத்தம். பாட்டு வந்ததும் அவங்க கதறுனத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அவங்கப்பாவக் கேலி பண்றோம்னுதான நெனச்சிருப்பாங்க? எனக்கு அந்த எடத்துலயே செத்துரலாம் போல இருந்துச்சுண்ணே. இனி அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?

— இப்பவே முழிக்க வேண்டியதுதான். அங்க பாரு.

— ஐயோ, லெட்சுமி அக்கா! தல கூட முடியாம வர்றாங்க. அண்ணே, நீ பேசு.

— நான் எதுக்கு? பாடுனது நீ.

— போட்டது நீ!

— துஷாந்து, வீட்டுலதான் இருக்கியா?

— வாங்கக்கா. உள்ள வாங்க. ஒக்காருங்க. தெரியாம நடந்து போச்சுக்கா, அந்தப் பனியில கையி...

— ஒன்னையத் தேடி வரலப்பா. நிஷாந்தினி, அந்தப் பஸ்ஸுப் பாட்டு நீ பாடுனதா?

— ஆமாங்கக்கா. மன்னிச்சிருங்கக்கா. ஒங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடுறேன். இந்தாங்க, பாருங்க.

— கைய எடு.

— அக்கா?

— போன்லேர்ந்து கைய எடுன்னேன். மொதல்ல அத எனக்கு அனுப்பு. ஞாயித்துக்கிழம பதுளையில பாடப் போறியாமே, எந்த பஸ்ஸுல போற? நானும் வாரேன்.

— ஒங்களுக்குக் கோவம் இல்லையாக்கா? அன்னைக்கு அப்படி அழுதீங்களே.

— எங்கப்பா கண்ண மூடுனதுலேர்ந்து அது வரைக்கும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலடி. ஒங்கண்ணன் போட்ட சோகப் பாட்டுக்கெல்லாம் தோட்டமே அழுதுச்சு. நான் வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கிட்டுத் திரிஞ்சேன். ஒன் பாட்டு வந்ததும் சிரிப்பு வந்துருச்சு. ‘அப்பா, இதக் கேளுங்களேன்’னு சொல்லத் திரும்புனேன், பெட்டியத் தூக்கிட்டுப் போறாங்க.