சிரிக்கிற கோழி

கண்டியிலிருந்து கலஹா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி விளம்பர நிறுவனமொன்றில் டிசைனர் என்பது பேச்சில் தெரிந்தது. அவள்தான் ஆரம்பித்தாள்.

“கோழி சிரிக்கணுமாம்டி.”

“எந்தக் கோழி?”

“பொரிச்ச கோழிக் கடை விளம்பரத்துல. கடைக்காரரு ஒரு வாரமா உயிரை வாங்குறாரு. சிரிச்சா நக்கலா இருக்காம். சிரிக்காட்டி பாவமா இருக்காம். எங்க மேனேஜர் சேர் என்னடான்னா, வெளிய போய் நாலு கோழியைப் பாரு, ஐடியா வரும்ங்குறாரு.”

“பார்த்தியா?”

“மார்க்கெட்ல போய் நின்னேன். கூட்டுக்குள்ள இருக்கிற கோழி எதுக்குடி சிரிக்கப் போகுது? திரும்பி வந்தா, சேர் அந்தக் கடைக்காரர்கிட்ட போன்ல இளிச்சுக்கிட்டு நிக்கிறாரு. கடுப்புல அந்தச் சிரிப்பை அப்படியே வரைஞ்சு கோழிக்கு வச்சிட்டேன்.”

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள். “மாட்டிக்கிட்டியா?”

“மாட்டியிருந்தா வேலையாவது போயிருக்கும். கடைக்காரருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. சேர் எல்லார் முன்னாடியும் கை தட்டுனாரு. கற்பனைன்னா இதுதானாம்.”

அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாளைக்கு இறைச்சிக் கடைக்காரர் ஒருத்தர் வாராரு. அவரு ஆட்டுக்கும் அதே சிரிப்பு வேணுமாம்.”