எலிப் புரதமும் மூன்று கையெழுத்தும்

ஆசிரியப் பெருமக்களே, இந்த இடத்தில் ஒரு சின்னக் கதை சொல்லிவிட்டுப் போகிறேன்... எலிக் கதை. பயப்பட வேண்டாம், எலி வராது.

ஒரு பல்கலைக்கழகம். பெயர் எதற்கு? அங்கே பர்வீன் என்று ஓர் ஆய்வு மாணவி. அவள் ஆராய்ச்சிக்கு எலியின் உடம்பில் உள்ள ஒரு புரதம் வேண்டும். எலியைப் பிடித்துப் பிழிவார்களா? இல்லை. எலியின் மரபணுவில் ஒரு துண்டை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்து, 'நீ செய்து கொடு' என்று விட்டுவிடுவார்கள். அடுத்தவர் தலையில் வேலையைக் கட்டுவது... அறிவியலிலும் உண்டு.

அந்தப் புரதம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் சுங்க அலுவலகத்தில். "எலி உயிரோட இருக்கா, செத்துடுச்சா? ஏதாவது ஒண்ணை டிக் பண்ணுங்க!" இவளுக்கோ ஆய்வுப் பதிவு முடிய ஆறே வாரம். அதற்குள் சோதனை முடியாவிட்டால்... ஐந்து வருஷப் படிப்பு போச்சு!

ஒரு வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குப்பி. பேராசிரியர் தாண்டவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, காலிக் குப்பியை அனுப்பியிருக்கான்?"

"சார்... நல்லா பாருங்க சார்."

"முப்பது வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? குப்பையில போடு. கம்பெனிக்கு நான் எழுதுறேன்."

திறந்தாரா? இல்லை. மூடிய குப்பிக்குத் தீர்ப்பு! பர்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பைத் தொட்டிக்குப் போனாள். ஸ்டோர்ஸ் குமாஸ்தா குழந்தைவேலு குறுக்கே வந்து நின்றார்.

"வெச்சிடு பாப்பா. பழுதான சரக்கைத் தூக்கிப் போடணும்னா மூணு கையெழுத்து வேணும். சார் போடுவார், நான் போடுவேன். பதிவாளர் லீவு. திங்கக்கிழமைதான் வருவார்."

"யோவ், ஒண்ணுமே இல்லாத குப்பிக்கு எதுக்குய்யா பதிவாளர்?"

"ஒண்ணுமே இல்லைன்னு அவரும் எழுதிக் கொடுக்கணும் சார்."

குப்பி ஃப்ரீசருக்குள் போனது. சனிக்கிழமை கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. 'ஐயா, உலர்த்திய புரதம் இந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது. பெட்டியில் வைத்துள்ள தாளைப் படித்து, தண்ணீர் ஊற்றவும்.' அந்தத் தாள் எங்கே? முத்திரை குத்தி, எண் போட்டு, குழந்தைவேலு பத்திரமாகக் கோப்பில் சேர்த்திருந்தார்!

பர்வீன் ஓடினாள். குப்பி இருந்தது. சுத்தமான தண்ணீர் சில துளி விட்டாள்... அடுத்த வாரம் சோதனை பலித்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் மதியச் சாப்பாட்டை மதியமே சாப்பிட்டாள். தாண்டவன்? பக்கத்தில் உட்கார்ந்து, அவள் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் பேராசிரியர்களுக்கு வேறு வழி தெரியாது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பு முடிவு. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட வேண்டும் என்பதற்காக, 'இதுகளிடம் ஒன்றும் இல்லை' என்று பதினோரு பிள்ளைகளுக்கு டி.சி. எழுதி வைத்திருக்கிறீர்களாம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். சரி... தண்ணீர் ஊற்றினீர்களா?

டி.சி.க்கு மூன்று கையெழுத்து கேட்க இங்கே ஆள் இல்லை. தலைமையாசிரியர் ஒருவர் போட்டால் போதும். மேடை ஏறுமுன் அவரிடம் கேட்டேன்... இன்னும் போடவில்லையாம்.

அப்பாடா!