படிப்புக்குத் துணை

— அடிச்சியா சுந்தரி? நெஜமாச் சொல்லு.

— அடிச்சேன் மாமி. தோசைக் கரண்டிக் காம்பாலதேன். முதுகுல நாலு போடு போட்டேன். அவ அழவே இல்ல. அதுதேன் இன்னும் ஆத்திரமா வந்துச்சு.

— பெத்தவ பண்ற காரியமாடி இது? பரீட்சையில ஃபெயிலாறது என்ன கொலைக் குத்தமா? அடிச்சா மார்க்கு ஏறிடுமா? சரி, அவ ஏதாவது சொன்னாளோ?

— என்னத்தச் சொல்லுவா. ‘ஏண்டி இப்படிப் பண்ணுன, மாமி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்’னு கேக்கேன், சொவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறா.

— ஒண்ணுமே சொல்லலையா?

— ஒத்த வார்த்த இல்ல மாமி.

— சரி, விடு. எங்கே அவ?

— கூட்டியாந்திருக்கேன். மொட்ட மாடியில காஞ்ச துணிய எடுத்து மடிக்கச் சொல்லியிருக்கேன். உங்க முன்னால வர யோசிக்கிறா. வந்து மாமி கால்ல விழுந்து மன்னிப்புக் கேளுடின்னு சொல்லித்தேன் இழுத்தாந்தேன்.

— மன்னிப்பெல்லாம் எதுக்கு? நீ தண்ணி தெளிச்சுண்டு ஆட்டு. உளுந்து கல்லுல ஒட்டிக்கறது பாரு.

— கை ஆட்டுது மாமி, மனசுதேன் எங்கயோ கெடக்கு. புரட்சின்னு பயலுக ஊரெல்லாம் குண்டு போட்டு, பள்ளிக்கூடத்து பெஞ்சி மேசையெல்லாம் எரிச்சு, இருக்கிற கதவையும் இழுத்துப் பூட்டுன நேரம். ‘உன் பொண்ணையும் கூட்டிண்டு வாடி, எங்க காமுவோட சேந்து படிக்கட்டும்’னு நீங்களாத்தேன் சொன்னீக. நாங்க கேக்கவா செஞ்சோம்? மாவாட்ட வந்தவ மகளக் கூடத்துல உக்கார வச்சு இங்கிலீசு சொல்லிக் குடுத்தீக. கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு முடிச்சும் ஏபிசிடியத் தாண்டாத பிள்ள அவ.

— எனக்கும் வேண்டியிருந்ததுடி. காமு ஒத்தையா உக்கார மாட்டேன்னு அடம். வாத்தியார் யாரும் வெளியில வரப் பயப்படறா. இவரானா கார்டன் ரீச் ஆபீஸுக்குப் போனா, டிராம் ஓடறதோ இல்லையோன்னு வீடு திரும்பற வரைக்கும் நிச்சயமில்லே. நான் அந்தக் காலத்து இன்டர்மீடியட். எனக்குத் தெரிஞ்சதை வீட்டுல இருக்கறதை வச்சுண்டே சொல்லிக் குடுத்தேன்.

— அதத்தேன் நான் போற வீட்டுலயெல்லாம் சொல்லுவேன். புஸ்தகமே இல்லாம எங்க மாமி சொல்லிக் குடுக்கிறத வந்து பாருங்கன்னு. இந்தா, இந்த நடையிலதானே சரித்திரம் நடந்துச்சு. ஒரு கல்லு நூறு வருசம்னு தரையில சாக்பீசால நம்பர் போட்டீக. நாம இருக்கிறது இந்த ஆட்டுக்கல்லுகிட்ட. வெள்ளக்காரன் ரெண்டு கல்லு தள்ளி. அக்பரு நாலாவது கல்லு. அசோகரு அந்தக் கடைசியில, குளிக்கிற ரூம் வாசல்ல.

— உனக்கே பாடம் ஆயிடுத்தே.

— தெனமும் பாத்துக்கிட்டே ஆட்டுனா வராதா? நீங்க பேரச் சொன்னா பிள்ளைக ஓடிப் போயி அந்தக் கல்லுல நிக்கணும். எம்மவ திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. கண்ண மூடிக்கிட்டுப் போயி நிப்பா.

— ஆரம்பத்துல நின்னாள். நான் இல்லேங்கலை. அப்புறம்?

— அதத்தேன் மாமி கேக்கேன். பூஜா லீவு வரைக்கும் நல்லாத்தானே இருந்தா? அதுக்கப்புறம் அவளுக்கு என்ன வந்துச்சு? அசோகர்னா அடுப்படியில போயி நிக்கிறா. காமு பாப்பா கைய தட்டிச் சிரிக்கும். நான்கூட, சரி, வெளையாடுறாளுகன்னு இருந்துட்டேன்.

— சில குழந்தைகள் அப்படித்தான் சுந்தரி. முதல்ல ஒரு வேகம். அப்புறம் வத்திப் போயிடும். நான் தப்பாச் சொல்லலை, எல்லாருக்கும் எல்லாம் ஒட்டிக்கறதில்லே.

— ஒட்டிக்கலைன்னா வீட்டுல மட்டும் எப்படி மாமி வருது? அவ தம்பிய உக்கார வச்சு நீங்க சொன்ன அத்தனையும் ஒண்ணு விடாமச் சொல்லுறா. கொண்டக்கடலைய ஈரத்துணியில போட்டு மொளைக்க விட்டீகள்ல, அதயும் அங்க ஒரு செரட்டையில போட்டா. ‘ரொம்பத் தண்ணி ஊத்தாதடா, மூச்சு முட்டிச் செத்துரும்’னு அவனுக்குப் பாடம் வேற. வெரல் நீளம் மொள வந்துச்சு மாமி. அதே பிள்ள இங்க அவ கிண்ணத்துல மட்டும் முங்க முங்கத் தண்ணி ஊத்தி அழுக விட்டுருக்கா.

— வீட்டுல பயமில்லே. இங்கே கொஞ்சம் கூச்சம்.

— அவளுக்கா கூச்சம்? கொழாயில தண்ணி நின்னா எங்க சந்துல நாலு வங்காளிப் பொம்பளைகளோட அவுக பாசையிலயே மல்லுக்கு நிக்கிறவ.

— நீ ஒண்ணை மறந்துட்டே சுந்தரி. பூஜைக்கு முன்னாடி காமு எப்படி இருந்தாள்னு நினைவிருக்கோ? மாடியில குச்சியை நட்டு, மணிக்கு ஒரு தரம் நிழலை அளந்துண்டு வரச் சொன்னேனே, அன்னிக்கு. உன் பொண்ணு வந்து, நிழல் எப்போ சுருங்கும், எப்போ நீளும், ஏன் நீளும்னு கடகடன்னு ஒப்பிச்சாள். காமு அளந்துண்டு வந்த கயிறை என் மூஞ்சியில எறிஞ்சுட்டுப் போயிட்டாள். ராத்திரி சாதம் தொடலை. ‘எனக்கு ஒண்ணும் வராது, எல்லாம் கல்யாணிக்குத்தான் வரும், அவளையே பொண்ணா வச்சுக்கோ’ன்னு விசும்பி விசும்பி ஜுரமே வந்துடுத்து. இவர் என்னைத்தான் திட்டினார். வேலைக்காரி பொண்ணைக் கொண்டுவந்து வச்சு நம்ம குழந்தையைக் கெடுக்கறியான்னு.

— ஐயா அப்படிச் சொன்னாகளா? எனக்குத் தெரியாது மாமி.

— உன்கிட்டே சொல்லுவேனா? பெத்த வயிறுடி. எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. பூஜைக்கு அப்புறம்தான் அவ முகத்துல சிரிப்பு வந்தது. தானா புஸ்தகத்தை எடுத்தாள். பக்கத்துல ஒருத்தி தடுமாறினா சில குழந்தைகளுக்குத் தெம்பு வரும். அது அந்தக் குழந்தை தப்பில்லே.

— அது யாருக்கும் உள்ளதுதேன். காமு பாப்பா பாஸாயிருச்சுன்னு கேட்டதும் எனக்குச் சந்தோசந்தேன் மாமி. பிள்ளையாருக்குச் சூறத்தேங்கா போட்டேன். ரெண்டு தேங்கா வாங்கி வச்சிருந்தேன். ஒண்ணுதேன் போட முடிஞ்சது.

— போறது போ. அதையே நினைச்சிண்டிருக்காதே.

— நெனைக்காம எப்படி? காமு பாப்பா சேர்ற அந்தக் கான்வென்ட்ல ஏழப் பிள்ளைக்குன்னு ஒரே ஒரு ஃப்ரீ சீட்டு. அதுக்கும் நீங்கதேன் பேசி, ‘எழுதிப் பாஸ் பண்ணினா எடுத்துக்கறோம்’னு சிஸ்டரம்மா வாயால சொல்ல வச்சீக. பரீட்சையன்னைக்குப் பிள்ளைக ரெண்டையும் நீங்கதேன் ரிக்சாவுல கூட்டிப் போனீக. நான் எதிர்த்தாப்புல, கேட்டுக்கு வெளிய நின்னேன். காமு பாப்பா உள்ள போக மாட்டேன்னு உங்க சேலையப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நீங்க சிஸ்டரம்மாகிட்ட சொல்லி ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சியில உக்கார வச்சீக. எம்மவளுக்கும் நெத்தியில திருநீறு பூசிவிட்டு, காதுல என்னமோ சொன்னீக. அதப் பாத்து நான் ரோட்டுல நின்னு அழுதேன் மாமி. பெத்த தாயி மாதிரி நிக்கிறாகளேன்னு.

— பயப்படாதேன்னு சொன்னேன். வேறென்ன சொல்லப் போறேன்?

— நேத்து நானே சிஸ்டரம்மாவைப் போயிப் பாத்தேன்.

— நீயா? எதுக்குடி? என்னைக் கேக்காம?

— மனசு கேக்கல. தெரிஞ்ச வங்காளியில கேட்டேன். அவுக பாவம், பேப்பரையே எடுத்துக் காமிச்சாக. கணக்குல ஒண்ணுகூடச் சரியில்லையாம். ஒண்ணுகூட. ‘கண்ண மூடிக்கிட்டு எழுதுனாக்கூட ரெண்டு சரியா விழுந்திருக்குமே, இது எப்படி’ன்னு அவுகளே கேக்காக. கிலோ இன்ன வெலைன்னா கா கிலோ என்னன்னு ஒரு கேள்வியாம். அவ அப்பன் வேல பாக்கிற பலசரக்குக் கடையில தெனமும் சாயந்தரம் பொட்டலம் கட்டிக் குடுக்கிறவ மாமி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. அதயும் தப்பா எழுதியிருக்கா. நான் என்ன கண்டேன். வீட்டுக்கு வந்தேன், கரண்டிய எடுத்தேன்.

— பதட்டம்டி. பரீட்சைன்னா சில பேருக்குக் கை ஓடாது.

— இருக்கும். இப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. அவ அப்பன் ஒரே சொல்லா நிக்குது. ‘பாஸ் பண்ணினா படிக்கட்டும், இல்லேன்னா வேலைக்கு’ன்னு அன்னைக்கே சொல்லித்தேன் எட்ட நின்னுச்சு. சாந்த்ராகாச்சியில ஒரு ரயில்வே வீட்டுல பிள்ள தூக்க ஆளு வேணுமாம். அங்கயே தங்கணும். வர்ற திங்கக்கெழம கொண்டுபோயி விடப் போகுது.

— சாந்த்ராகாச்சிக்கா? வேண்டாம், வேண்டாம். முன்பின் தெரியாத வீட்டுல வயசுக்கு வரப்போற பொண்ணை விடுவாளோ?

— பின்ன நான் என்ன செய்ய மாமி?

— நான் ராத்திரியெல்லாம் யோசிச்சிண்டேதான் இருந்தேன். அவ இங்கேயே வரட்டும். காலம்பற பாத்திரமும் துணியும் பாத்துக்கட்டும். சாயங்காலம் காமு ஸ்கூல்லேர்ந்து வந்தா, அவ பாடம் முடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்துண்டா போறும். கல்யாணி பக்கத்துல இல்லேன்னா காமு புஸ்தகத்தையே திறக்க மாட்டேங்கறாள். நேத்துக்கூட ‘அவ வருவாளா, வருவாளா’ன்னு கேட்டுண்டே இருந்தாள். மாசாமாசம் சம்பளம் தரேன். பூஜைக்குப் பாவாடை சட்டை. உன் ஆம்படையான்கிட்டே இவரை விட்டுப் பேசச் சொல்றேன்.

— நெசமாவா மாமி?

— காமு படிக்கறப்போ இவ காதுலயும் நாலு வார்த்தை விழும். அடுத்த வருஷம் முடிஞ்சா இன்னொரு தரம் எழுதிப் பாக்கட்டும்.

— என்னத்தச் சொல்ல. நான் உங்க பேரக் கெடுத்துட்டாளேன்னு வெந்துகிட்டு வந்தேன். நீங்க அவளத் தூக்கி நிறுத்துறீக. எங்க வீட்டு ஆளு சரின்னுதேன் சொல்லும். ஐயா பேச்ச அது மீறாது. இந்தா, வர்றா பாருங்க. ஏ கல்யாணி, இங்கிட்டு வா. மாமி கால்ல விழு.

— துணியெல்லாம் மடிச்சுக் கட்டில் மேல வச்சுட்டேன் மாமி.

— கால்ல விழுடிங்கிறேன்.

— வேண்டாம், எழுந்திருடி குழந்தே. முதுகுல ரொம்ப வலிக்கறதா?

— இல்ல மாமி.

— கல்யாணி, நீ சாந்த்ராகாச்சிக்கெல்லாம் போக வேண்டாம். இங்கேயே வா. சாயங்காலம் காமு பக்கத்துல உக்காந்துக்கோ, முன்னே மாதிரியே. என்ன, வரியா?

— வரேன் மாமி.

— ‘வரேன்’னு மொட்டையாச் சொன்னாப் போதுமா? இவ்வளவு பண்ணியும் உன்ன ஒதுக்காமச் சேத்துக்கிறாக. இனிமேயாச்சும் மாமி சொன்னத அப்படியே கேட்டு நட. புரியுதா?

— கேட்டுத்தாம்மா நடந்தேன்.

— எதிர்த்துப் பேசாதடி.

— அவளை விடு சுந்தரி. நீ போடி கல்யாணி, கீழே பூத்துல ஹரிணகட்டா பால் பாட்டில் வந்துடுத்தான்னு பாத்துண்டு வா. போ, சீக்கிரம்.

— போறேன் மாமி. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும்.

— அப்புறம் கேக்கலாம். முதல்ல போ.

— கேக்கட்டும் மாமி. நேத்துலேர்ந்து இப்பத்தேன் வாயத் தொறக்குறா. என்னடி?

— காமு பக்கத்துல உக்காந்தா எல்லாத்தையும் தப்பாத்தான் சொல்லணும், அப்பத்தான் அவ அழமாட்டா, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பூஜா லீவுல சொன்னீங்க இல்ல மாமி? பரீட்சைக்கும் அவ பக்கத்துலதான உக்கார வச்சீங்க. ‘வீட்டுல எப்படியோ அப்படியே எழுது’ன்னு காதுலயும் சொன்னீங்க. இப்பதான் காமு பாஸாயிட்டாளே. இனிமேயாவது நான் சரியாச் சொல்லலாமா?