வெறும் பாறையின் மூன்று படங்கள்

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, சார். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதால் உங்கள் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். கையில் கேமரா இருந்திருந்தால் உங்கள் நாற்காலியை அரை அடி தள்ளிப் போடச் சொல்லியிருப்பேன். பின்னால் இருக்கும் அந்த நீல வாளியையும் எடுத்து வெளியே வைத்திருப்பேன். வாளி படத்தைக் கெடுக்கும். இது என் பழக்கம். முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். லென்சைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது என் வேலை. மையம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போட்டுக்கொள்கிறவருக்கு நாள் முழுக்கத் தலைவலி. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. பதினெட்டு வருஷமாக அந்த ஒரு நாளைக் கேமராவுக்குக் கொடுத்துவிட்டேன். ஏரி, மூடுபனி, மின்கம்பியில் உட்காரும் பறவைகள், பேருந்து நிறுத்தத்தில் வாயைத் திறந்து தூங்குகிறவர், செருப்புத் தைப்பவரின் கை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானாக எடுத்தேன்.

ஒரு படத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைவிட என்ன இருக்கக் கூடாது என்பதுதான் என் கண்ணில் முதலில் படும். காகிதக் குப்பை கிடந்தால் பொறுக்குவேன். சைக்கிள் நின்றால் நகர்த்துவேன். ஒருமுறை தேன்சிட்டுக் கூடு ஒன்று கிடைத்தது, இலை மறைத்தது. கத்தரிக்கோலால் ஐந்து கொத்து வெட்டினேன். இரண்டு குஞ்சு, வாயைப் பிளந்துகொண்டு, தொண்டை வரைக்கும் சிவப்பு. அருமையான படம். மறுநாள் போய்ப் பார்த்தால் வெயிலில் இரண்டும் காய்ந்து கிடந்தன. வருத்தமாகத்தான் இருந்தது. படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

கல்குவாரிக் குளம் உங்களுக்குத் தெரியும், நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். ஒரு கரையில் நாணல். எதிர்க்கரையில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டுப்பாறை. பார்த்தால் உறுதியாக இருக்கும், அடியில் தண்ணீர் அரித்து வெறும் ஓட்டை. அதனால் பாறைக்குப் பின்னால் இரும்புக் காலில் ஒரு மஞ்சள் பலகை: ‘தாண்டாதீர்கள். பாறை எந்த நேரமும் இடியலாம்.’ பக்கத்தில் சிவப்புக் கயிறு. அந்த மஞ்சளும் சிவப்பும் எந்தக் கோணத்தில் எடுத்தாலும் கண்ணைக் குத்தும். அதற்காகவே பையில் ஸ்பேனர் வைத்திருந்தேன். விடிந்ததும் போய் இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பலகையைப் புதருக்குள் படுக்கவைப்பேன். கயிற்றைச் சுருட்டி வைப்பேன். படம் எடுத்து முடித்ததும் இருந்தபடி மாட்டிவிட்டு வருவேன். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட மாட்டாமல் வந்ததில்லை. அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

அங்கே நாணல் கரையில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. தாய் குட்டிகளை வெளியே கூட்டிவரும் காட்சிக்காகப் பதினொரு மாதம் காத்துக் கிடந்தேன். கொசு பிடுங்கித் தின்றது, முட்டி மரத்துப்போனது. அந்தப் படம் மட்டும் அமையவே இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். என் தங்கையின் கணவர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். ஒரே வீடுதான், அவர்கள் மாடியில், நான் கீழே. நல்ல மனிதர், சார். குறை சொல்ல ஒன்றும் கிடையாது. கிடைத்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆசைப்பட்டார் என்று என் பழைய கேமராவைக் கொடுத்தேன். கேமராவைப் பிடித்தால் கை ஆடும். எத்தனை சொன்னாலும் ஆடும்.

போன வருஷம் ஒருநாள், “மச்சான், சும்மா உங்களோட உட்காரலாம்னு வந்தேன், டீ போட்டுக் கொண்டாந்திருக்கேன்” என்று நாணலுக்குள் வந்து உட்கார்ந்தார். லென்சில் பனி படிந்திருந்ததால் நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில் தாய் வெளியே வந்தது, வாயில் மீன், பின்னால் மூன்று குட்டி. மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை அழுத்தினார். அன்றைக்குப் பார்த்து அவர் கை ஆடவில்லை.

ஊர் நூலகத்தில் ஆண்டுதோறும் படக் கண்காட்சி வைப்பார்கள். கதவைத் திறந்ததும் எதிரே தெரிகிற நடு இடம் ஒன்று உண்டு. பதினெட்டு வருஷமாக அந்த இடத்துக்கு ஆசைப்பட்டவன் நான். அந்த வருஷம் அங்கே மாப்பிள்ளையின் நீர்நாய் தொங்கியது. என் ஆறு படங்களும் கழிப்பறைக்குப் போகிற வழியில். தங்கை சிரித்துக்கொண்டே, “என்னண்ணே, நீ பதினெட்டு வருஷமா முக்கினதை இவரு ஒரே அமுக்குல முடிச்சிட்டாரே” என்றாள். கேலிதான், சின்ன வயதிலிருந்து அவள் வாய் அப்படி. மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம், “இடம் காட்டினது எங்க மச்சான். நான் வெறும் பொத்தானை அமுக்கினேன், அவ்வளவுதான்” என்றார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. பெருமையடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுவாரம் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒருவர் கேட்டார்: “நீங்கதானே அந்த நீர்நாய் படம் எடுத்தவரோட மச்சான்?” ஆமாம் என்றேன். அவருக்கு நான் பொருத்திக் கொடுத்த லென்சில் மையம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது.

இந்த வருஷக் கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாப்பிள்ளை கீழே இறங்கி வந்தார். “மச்சான், நீங்க உட்காருற கரை முழுசாத் தெரியணும்னா நான் எங்க நிக்கணும்?” மறுபடியும் நீர்நாய்க்குத்தான் அடி போடுகிறார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

“எதிர்ல மேட்டுப்பாறை இருக்குல்ல மாப்ள, அதுல ஏறி ஓரமா நில்லுங்க. ஒண்ணும் மறைக்காது.”

“வழுக்குமா?”

“வழுக்காது” என்றேன். பொய் இல்லை. அந்தப் பாறை வழுக்காது.

அவர் அந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை, சார். என்னோடு வந்த ஒரே நாளில் நான் முன்னாடியே போய்க் கழற்றியிருந்தேன்.

அவர் ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னார். நான் ஆறுக்கே போய்ப் பலகையையும் கயிற்றையும் எடுத்துவிட்டு, இந்தக் கரைக்குச் சுற்றி வந்து நாணலில் உட்கார்ந்தேன். நேற்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி: “வெறும் பாறையை எதுக்குய்யா மூணு படம் எடுத்து வச்சிருக்கே?” ஆறு நாற்பதுக்கு எடுத்தவை அவை. ஆள் வருவதற்கு முன்பே இடத்தைக் குறிவைத்து, வெளிச்சம் பார்த்துத் தயாராக இருக்க வேண்டும். வந்த பிறகு தடுமாறினால் காட்சி போய்விடும். போன வருஷம் லென்சைத் துடைக்கப் போய் ஏமாந்தவன் நான். மறுபடி ஏமாறக் கூடாது என்றிருந்தேன்.

ஏழு ஐந்துக்குப் பாறையில் ஏறினார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். குரல் கேட்கிற தூரம்தான், கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் நகர்ந்திருப்பார். ஓரத்துக்கு வந்து கேமராவைக் கண்ணில் வைத்தார். நான் விரலை எடுக்கவில்லை. பதினான்கு படம். அதில் ஒன்பதாவது, பாறை இரண்டாகப் பிளந்து அவர் காற்றில் நிற்கிறார். கேமரா இன்னும் கண்ணைவிட்டு இறங்கவில்லை. கீழே தண்ணீரில் அவருடைய நிழல். மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை, துளி அசிங்கம் இல்லை. நீங்களே பார்த்தீர்கள். ஒரு நிமிஷம் உங்களாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

தண்ணீரில் இரண்டு தடவை கை தெரிந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது என்று எனக்குத் தெரியும். கரையைச் சுற்றிப் போய் முதலில் பலகையை மாட்டினேன், கயிற்றைக் கட்டினேன். முடிந்ததும் மாட்டுவது வழக்கம் என்று சொன்னேன் இல்லையா? அதற்கப்புறம்தான் சாலைக்கு ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டேன். தாண்டாதே என்று எழுதியிருந்தும் தாண்டிவிட்டார் என்று சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். தங்கையும் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

பலகை இல்லாத பாறை என் கேமராவில் இருப்பதை நான் மறக்கவில்லை. பதினேழு படங்களையும் அழிக்க ஒரு நிமிஷம் போதும். இரண்டு தடவை விரலை வைத்தேன், மனசு வரவில்லை. அந்த மாதிரிப் படம் இனிமேல் எனக்கு அமையாது. ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள்: மறதி இல்லை, விபத்து இல்லை, மாப்பிள்ளையைத் தெரிந்தேதான் அங்கே நிற்கவைத்துக் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்றைக்குக் காலையில் சேற்றிலிருந்து எடுத்த என் பழைய கேமராவில் கடைசியாக இருந்த படத்தைக் காட்டினீர்கள். அதில் நீர்நாய் இல்லை. நாணல், நாணலுக்கு நடுவே கேமராவில் கண்ணை வைத்துக் குனிந்திருக்கும் நான். தங்கை எழுதிக் கொடுத்ததையும் வாசித்துக் காட்டினீர்கள். இந்த வருஷம் நடு இடத்தில் எங்க மச்சான்தான் இருக்கணும், அவரைத்தான் எடுக்கப் போறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

படித்து முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் படத்தைத்தான் பார்த்தேன், சார். இடம் நல்ல இடம், வெளிச்சமும் என்மேல் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் ஆடிவிட்டது. என் முகம் தெரியவில்லை, நடு இடத்தில் மாட்ட முடியாது. காலடியில் பாறை அசைந்திருக்கும் என்பீர்கள், இருக்கலாம். அழுத்தும்போது ஆடக் கூடாது என்று அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.