படிகம் விழுந்த நாள்

தலைமையேற்று அவையை அணிசெய்யும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, அறிவிலும் அகவையிலும் மூத்த பெருமக்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பேச்சையும் பொறுக்கவிருக்கும் தாய்மார்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, இன்று முனைவர் பட்டம் பெற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்து மகளே, வணக்கம்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தின் குளிரூட்டும் இயந்திரத்தோடு வாழ்ந்தவன் நான். அது திருப்பிக் கேள்வி கேட்காது. நீங்கள் கேட்பீர்கள். அதனால்தான் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

காந்தம் என்பது என்ன? கண்ணுக்கெட்டாத கோடானுகோடி திசைகாட்டி முட்களின் கூட்டம்; அணுவுக்கு ஒரு முள். குளிரக் குளிர அவை அணிவகுத்து உறைந்து நிற்கும். இன்று பட்டம் பெற்ற இவருடைய படிகத்திலோ அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு முள்ளும் பக்கத்து முள்ளுக்கு எதிர்ப்புறம் திரும்ப வேண்டும். மாமியார் கிழக்கே திரும்பிக்கொண்டார், மருமகள் மேற்கே திரும்பிக்கொண்டார். மகன் எந்தப் பக்கம் திரும்புவார்? தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். ஆண்கள் யாரும் சிரிக்கக் காணோம்.

அந்தத் தவிப்பால், எந்தக் குளிரிலும் உறையாமல் முட்கள் அலைந்துகொண்டே இருக்கும் என்றார் இவர். மெய்ப்பித்தால் பட்டம். இல்லையென்றால் ஐந்தாண்டு உழைப்பு வீண்.

படிகம் எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று அளந்து வரைபடம் போடுவோம். முட்கள் உறைந்தால் அதில் கூர்முனை எழும். அளந்தோம். எழவில்லை. கோடு தரையோடு தரையாக ஓடியது. கூடமே குதித்தது. நாளையே கட்டுரையை அனுப்பலாம் என்றார் பேராசிரியர். எனக்கு மட்டும் உறுத்தல்: கோடு ஏன் இவ்வளவு தாழ்ந்து ஓடுகிறது? அவர் அறை வாசல்வரை மூன்று முறை போனேன். மூன்று முறையும் திரும்பினேன். கடைசியில் இவரிடமே போனேன்.

"இயந்திரத்தைத் திறந்து பாத்துடலாமாம்மா?"

"சார், மறுபடி குளிர வைக்க நாலு நாள் ஆகும். உங்க சந்தேகத்துக்கு மருந்தே கிடையாதா?"

"கிடையாதும்மா. ஒண்ணும் இல்லேன்னா என்னைத் திட்டிக்கோ."

"கண்டிப்பா திட்டுவேன். திறங்க."

திறந்தோம். ஒட்டிவைத்த தட்டில் படிகம் இல்லை. பசை குளிரில் விட்டுப்போய், அரிசியளவுப் படிகம் அடியில் கிடந்தது. நாங்கள் கொண்டாடியது எதை? வெறுந்தட்டை! உறைய ஆளே இல்லாத இடத்தில் எது உறையும்?

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். "சார், ஒண்ணுமே இல்லாததுக்கா நேத்து எல்லாருக்கும் இனிப்பு குடுத்தேன்?" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசையை மாற்றித் தாமே ஒட்டினார்.

நான்கு நாள் கழித்து மீண்டும் அளந்தோம். அப்போதும் கூர்முனை இல்லை. ஆனால் கோடு பத்து மடங்கு உயரத்தில் ஓடியது. அசைபவை இருந்தால்தானே அவ்வளவு வெப்பத்தை விழுங்க முடியும்? அந்தக் கடுங்குளிரிலும் முட்கள் அலைந்தன. அடங்காமல் அலைந்தன. இவர் சொன்னபடியே அலைந்தன.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டார்: "இது தட்டின் வெப்பமில்லை, படிகத்தின் வெப்பம்தான் என்பதற்கு என்ன சான்று?" வேறொருவர் என்றால் அந்தப் பழைய கோட்டைக் கிழித்தெறிந்திருப்பார். இவரோ அதைத் தேதியோடு ஆய்வேட்டிலேயே அச்சிட்டிருந்தார். பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "இது வெறுந்தட்டு, ஐயா. படிகம் விழுந்தது தெரியாமல் நாங்கள் அளந்தது. இதைக் கழித்துவிடுங்கள். மிச்சமெல்லாம் படிகம்."

தேர்வாளர் கழித்துப் பார்த்தார். பேனாவை மூடினார்.

தவறை மறைக்காத அந்தத் துணிவை வணங்கி, என் பேச்சைப் பொறுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.