படிவத்தில் இல்லாத புங்கமரம்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டாங்க? நான் படிச்சது எட்டாவது. ஆனா அதை ரெண்டு தடவை படிச்சவன். அதனால பதினாறுன்னு வச்சுக்குங்க.

தாமரை நகர் மக்களே, மரம் நடுற மானியத்துக்கு ஃபார்ம் வாங்கிட்டீங்க. சந்தோஷம். பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி இந்த முல்லை நகர்க்காரன் சொல்ற ஒரு சின்ன சங்கதியைக் கேட்டுடுங்க. டீ வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்.

போன வருஷம் எங்க நகருக்கும் இதே ஃபார்ம் வந்தது. காலி இடத்துல நூத்தம்பது கன்னு நட அரசாங்கம் பணம் தரும். சங்கச் செயலாளர் கோதண்டம்னு ஒருத்தர். நல்ல மனுஷன், அவசரக்காரர். ஃபார்ம்ல ஏழாவது கேள்வி... "இடத்தில் ஏற்கெனவே உள்ள மரங்கள் எத்தனை?"

கோதண்டம் என்ன எழுதினார் தெரியுமா? "இல்லை."

ஏன்? நம்ம பழக்கம் அப்படி! எந்த மனுவா இருந்தாலும் சொந்த வீடு இல்லை, நிலம் இல்லை, வண்டி இல்லை... இல்லைன்னு எழுதினாத்தானே நமக்குக் கிடைக்கும்? அதே கை. அதே பேனா.

ஆனா அந்த இடத்து நடுவுல ஒரு புங்கமரம் நிக்குது. சின்ன மரமா? ஏழு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது! சரி... மூணு பேர். அதுக்கடியில வசந்தாமணின்னு ஒரு அம்மா பதினோரு வருஷமா இஸ்திரி வண்டி போட்டிருக்கு. எங்க நகர்ல மடிப்புக் கலையாம யாராவது நடந்து போனா, அது அந்தம்மா கை.

வியாழக்கிழமை அதிகாரி பார்வையிட வர்றாங்கன்னு தகவல் வந்தது. கோதண்டத்துக்குத் தூக்கம் போச்சு. ஃபார்ம்ல மரம் இல்லை, இடத்துல மரம் இருக்கு. ரெண்டுல எதைத் திருத்தணும்? நீங்களே சொல்லுங்க... அவர் மரத்தைத் திருத்தப் போனார்.

"வசந்தாமணி, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தும்மா. மரத்தை எடுக்கணும்."

"ஏன் சார், அது என்ன பண்ணுச்சு?"

"மரம் நடணும்மா."

"மரம் நடறதுக்கு மரத்தை வெட்டுவீங்களா?"

"ஃபார்ம்ல இல்லைன்னு எழுதியாச்சும்மா!"

"அப்ப ஃபார்மை வெட்டுங்க சார்."

பாத்தீங்களா? பள்ளிக்கூடப் பக்கம் போகாத அம்மா! அப்புறம் குரல் இறங்கிருச்சு. "சார்... பெட்டிக்குள்ள நெருப்பு. தலைக்கு மேலயும் நெருப்பா இருந்தா நான் எப்படி நிப்பேன்? உங்க கன்னு என் முட்டி உயரம். அது நிழல் தர்ற வரைக்கும் நான் எங்க சார் போறது?"

அவர் வாட்சைப் பார்த்துக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டார். ஆனா வியாழக்கிழமை காலையில ரம்பக்காரன் மட்டும் வந்துட்டான்.

ஒரு கிளை விழுந்தது. வசந்தாமணி ரெண்டு கையாலயும் வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, நகரலை. அடுத்த கிளையில ரம்பம் வைக்கிறான்... ஜீப் சத்தம்! அதிகாரி அம்மா ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாங்க. மே மாச வெயில். டிரைவர் ஜீப்பை எங்க நிறுத்தினான்? புங்கமரத்தடியில! அந்தம்மா இறங்கி, இஸ்திரி வண்டி மேலயே ஃபைலை விரிச்சாங்க.

"இங்க மரமே இல்லைன்னு போட்டிருக்கே?"

கோதண்டம் விழுந்த கிளையை மறைச்சு நிக்கறார். "அது... சமீபத்துல வளர்ந்ததும்மா."

அதிகாரி அம்மா சிரிக்கலை. "சார், இருக்கற மரத்தைப் பாதுகாக்கவும் இந்தத் திட்டத்துல பணம் உண்டு. நாலாம் பக்கம் படிக்கலையா? நூத்தம்பது கன்னைக் கொடுத்தா நீங்க வளர்ப்பீங்கன்னு நான் எதைப் பார்த்து நம்பறது? வளர்த்த ஒண்ணைப் பார்த்துத்தானே? அந்த ஒரு சாட்சியையும் வெட்டறீங்களே! சரி, இதை யாரு பராமரிச்சது?"

எல்லாரும் செருப்பைப் பார்க்கறோம். வசந்தாமணி மெதுவா, "துணிக்குத் தெளிச்ச மிச்சத் தண்ணியை ஊத்துவேன்மா. வேற ஒண்ணும் பண்ணலை."

அதிகாரி அம்மா பேனா எடுத்தாங்க. "இல்லை"யை அடிச்சாங்க. "ஒன்று"ன்னு எழுதினாங்க. பராமரிப்பவர்னு இருந்த இடத்துல... வசந்தாமணி.

மானியம் வந்தது. நூத்தம்பது கன்னுல நூத்தி நாப்பத்தொம்பது தழைச்சு நிக்குது. சரி, நூத்திப் பத்து. வண்டி அதே இடத்துலதான் நிக்குது.

இப்ப உங்களுக்குச் சொல்றேன். ஃபார்மை வீட்டுக்குள்ள ஃபேன் காத்துல உக்காந்து எழுதாதீங்க. வெளிய வாங்க, அந்த இடத்துல நில்லுங்க. என்ன மரம் இருக்கு, அதுக்கடியில யாரு பிழைக்கறாங்கன்னு பாருங்க. பார்த்துட்டு எழுதுங்க. இல்லாததைக் கேக்கற அவசரத்துல இருக்கறதை இல்லைன்னு எழுதிடாதீங்க... கெஞ்சிக் கேக்கறேன்.

டீ வந்துடுச்சு. ஒரே ஒரு விஷயம். எங்க நகர்ல கோதண்டம்னு யாருமே கிடையாது. அந்தப் பேரை நான்தான் கட்டிவிட்டேன். "இல்லை"ன்னு எழுதின பேனா... இதோ, இந்தப் பாக்கெட்லதான் இருக்கு.

வெட்டின கிளை இருந்த இடைவெளி வழியா பதினோரு மணிக்கு வெயில் நேரா வண்டி மேல விழும். வசந்தாமணி ஒரு பழைய சேலையை இழுத்துக் கட்டியிருக்கு. நான் துணி கொண்டு போனா வாங்கி வச்சுக்கும். என் சட்டையை மட்டும் எப்பவும் கடைசியாத்தான் தேய்க்கும்.