மூன்றாவது விசில் வரைக்கும்

மேடையில் அமர்ந்திருக்கும் ஒன்றியத் தலைவர் அவர்களே, நீச்சல் குளக் கமிட்டி நண்பர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் கணவர் மாரிராஜ் அவர்களே, ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்து பின்னால் நின்றுகொண்டிருக்கும் விடுதிப் பெண்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நாற்காலி போதவில்லை. இவ்வளவு பேர் வருவீர்கள் என்று பந்தல்காரர் எதிர்பார்க்கவில்லை. சொல்லப்போனால் நானும் எதிர்பார்க்கவில்லை. இடம் கிடைக்காதவர்கள் குளத்தின் ஓரமாக உட்காருங்கள். காலைத் தண்ணீரில் விட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. மாஸ்டர் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், என் பெயர் கோதண்டம். ஒரகடத்தில் ஒரு கியர் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பொது நீச்சல் குளத்துக்குக் கட்டிய நாளிலிருந்து கமிட்டித் தலைவர். "சுருக்கமா முடிச்சிக்குங்க" என்று காதில் சொல்லித்தான் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பார்க்கலாம்.

நம் குளத்தின் பயிற்சியாளர், உயிர்காப்பாளர், நம் எல்லாருக்கும் மாஸ்டர், திருமதி பாண்டிச்செல்வி அவர்கள் போன மாதம் டெங்குக் காய்ச்சலில் காலமானார். வயது முப்பத்தாறு. தண்ணீரில் ஒரு உயிரைக்கூடப் போகவிடாதவரை, எங்கேயோ தேங்கிக் கிடந்த தண்ணீரில் பிறந்த கொசு கொண்டுபோய்விட்டது! இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் இந்தப் படம். உயிர்காப்பாளர் நாற்காலியில் மாலை போட்டு வைத்திருக்கிறோமே, இந்தப் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. மாஸ்டருடைய தாடையில் ஒரு தழும்பு உண்டு. ஸ்டுடியோக்காரர் அழகாக இருக்கட்டும் என்று அதைத் துடைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருய்யா உன்ன அத எடுக்கச் சொன்னது?" என்று சண்டையே போட்டேன். தழும்போடு வேறு படம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அந்தத் தழும்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இந்தக் குளம் எதற்காக வந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தில் நம் பிள்ளைகள் குளிக்கப் போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அதன் பிறகுதான் தொழிற்சாலைகள் நிதி கொடுத்து, பஞ்சாயத்து இடம் கொடுத்து, திறந்தவெளியில் இந்தக் குளம் வந்தது. ஆண், பெண் எல்லாருக்கும் பொது என்றுதான் பலகையில் எழுதினோம். வந்தவர்கள் எல்லாம் ஆண்கள். எழுதியதோடு எங்கள் கடமை முடிந்தது என்று இருந்தோம்.

அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியிலிருந்து நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. சொந்த ஊர் தெற்கே நாங்குநேரிப் பக்கம். அதில் ஒரு பெண் செருப்பைக் கழற்றினார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார், ஓடிவந்து தலைகீழாகப் பாய்ந்துவிட்டார். எந்தப் பக்கம்? மூன்றடிப் பக்கம்! குழந்தைகள் நிற்கும் பக்கம்!

எழுந்தபோது தாடை கிழிந்து ரத்தம் ஊற்றுகிறது. நான் பதறிப்போய், "இன்னாமா பண்ணிகினு கீற, கண்ணு தெரியல?" என்று கத்தினேன். அந்தப் பெண் தாடையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "எங்கூருக் கிணத்துல எங்கன குதிச்சாலும் ஆழந்தான் அண்ணாச்சி. பாதித் தண்ணிய மட்டும் நீங்க ஏன் இப்படி ஆழமில்லாம வச்சிருக்கீய?"

கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. தையல் போட்டு அனுப்பிவைத்தோம். இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் தாடையில் கட்டோடு வந்து நிற்கிறார். "அண்ணாச்சி, ஆழம் இல்லாத இடத்துக்கு அடியில செவப்பு அடிங்க. எங்க ஊருப் பிள்ளைய நிறைய வேலைக்கு வருதுவ. எல்லாம் என்னைய மாதிரிதான் பாயும்."

அதனால்தான் நம் குளம் பாதி சிவப்பு, பாதி நீலம். வெளியூர்க்காரர்கள் இது ஏதோ கட்சிக் குளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அன்றிலிருந்து இன்றுவரை இங்கே ஒருவருக்கும் தாடை கிழியவில்லை.

அடுத்து அவர் கேட்டது, பெண்களுக்கு என்று தனியாக ஒரு மணி நேரம். காலை ஏழிலிருந்து எட்டு. நைட் ஷிப்ட் முடிந்து பெண்கள் விடுதிக்குத் திரும்பும் நேரம். கமிட்டியில் பெரிய தகராறு. நம் பம்பு ஆபரேட்டர் கண்ணப்பன், இதோ மேடையில் இருக்கிறார், சிரிக்கிறார் பாருங்கள், எழுந்து நின்று சொன்னார்: "சுடிதாரு, நைட்டி போட்டுகினு எறங்கினா நூலு உதிரும். பில்டரு அடைச்சிக்கும். தெனம் யாரு பிரிச்சிப் போடறது, நானா?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீச்சல் உடை போட்டு இறங்க அந்தப் பெண்களுக்குக் கூச்சம். அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் கமிட்டி என்ன செய்யும்? டீ குடித்துவிட்டுக் கலைந்துபோகும். கலைந்துபோனோம்.

பாண்டிச்செல்வி கலைந்துபோகவில்லை. அவர் வேலை செய்த இடத்தில் தூசி ஆகாது. அதற்காகவே நூல் உதிராத துணியில் தைத்த கோட்டுகளைக் கொடுப்பார்கள். பழசானதும் கழித்துவிடுவார்கள். அந்தக் கோட்டுகளை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து கண்ணப்பன் முன்னால் போட்டார். "இதுல ஒரு இழை உதிர்ந்தாலும் எங்க லைன நிப்பாட்டிருவாங்க. உங்க பில்டர் என்ன, அதைவிடப் பெரிய மகாராசாவா?"

கண்ணப்பன் ஒரு கோட்டை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். கசக்கிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை. "ஓகேப்பா" என்று ஒரே வார்த்தை. உலகத்தில் வேறெங்காவது தொழிற்சாலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீச்சல் படித்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. இங்கே படித்தார்கள்.

அந்தக் கோட்டுகளைப் பிரித்து நீச்சல் உடையாகத் தைத்தவர் யார்? விடுதி வார்டன் ஞானம்மா. அவர் முதலில் எங்களைவிடப் பெரிய எதிர்ப்பாளர். "ஊர் புள்ளைங்கள நம்பி எங்கிட்ட வுட்டுட்டுப் போயிருக்காங்க. நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா அவங்க வூட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார். தையல் வேலையையே ஏன் எடுத்துக்கொண்டார் தெரியுமா? வேறு யாராவது தைத்தால் நீளம் குறைந்துவிடுமாம்! தைத்ததோடு விடவில்லை. தினமும் குடை பிடித்துக்கொண்டு கரையில் காவல் உட்கார்ந்தார்.

ஒருநாள் ஆழமான பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மாஸ்டர் மறு கோடியில் இருந்தார். என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதற்குள் ஞானம்மா புடவையோடு, குடையோடு குதித்துவிட்டார். நீச்சல் தெரியாது! சுத்தமாகத் தெரியாது! மாஸ்டர் நீந்திவந்து இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார். குடை மட்டும் மறுநாள்தான் கிடைத்தது. ஞானம்மா இருமி முடித்ததும் மாஸ்டர் சொன்னார்: "யக்கா, குதிக்கத் தைரியம் ஒனக்கு நிறையக் கெடக்கு. நீச்சல்தான் இல்ல. அத நான் தாரேன். நாளைக்கு வா."

ஞானம்மா மறுநாள் வந்தார்.

இங்கே இருக்கும் உங்களில் பாதிப் பேர் சின்ன வயதில் மே மாதங்களை இந்தக் கரையில் கழித்தவர்கள். இப்போது நீங்களே லைனில் நிற்கிறீர்கள், சிலர் என்ஜினியர், ஒருவர் எனக்குப் பல் பிடுங்குகிற டாக்டர். ஞாபகம் இருக்கிறதா? பிளீச்சிங் பவுடர் வாசனை. சிவந்துபோன கண். வெயிலில் காய்ந்த சிமெண்டில் கால் வைக்க முடியாமல் குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. குளிர் எடுத்ததும் அதே சிமெண்டில் குப்புறப் படுத்துக்கொள்வது. எழுந்து போனால் உங்கள் உருவம் ஈரமாக அங்கேயே கிடக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காயும். கேட்டுக்கு வெளியே மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்று. ஈரக் கையால் தின்று, அதே கையால் கண்ணைத் தேய்த்து அலறாதவர் யாராவது உண்டா?

ஆனால் நமக்காவது கோடை விடுமுறை என்று ஒன்று இருந்தது. பள்ளியை முடித்த கையோடு பேருந்து ஏறி வேலைக்கு வந்த அந்தப் பெண்களுக்கு? ஒருநாள் மாஸ்டரிடம், "ராத்திரியெல்லாம் நின்னு வேல செஞ்சிட்டு வர்ற புள்ளைங்க, போய்ப் படுக்காம ஏன்மா இங்க வந்து ஆட்டம் போடுதுங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "தூங்குனா நாளைக்கு வேலைக்குப் போவத் தெம்பு வரும் அண்ணாச்சி. ஆனா இந்த ஒரு மணி நேரந்தான் அதுவளுக்கு முழுப் பரீட்சை லீவு."

தொழிற்சாலையில் அவருடைய ஒப்பந்த வேலை முடிந்ததும் அவரையே பயிற்சியாளராக வைத்துக்கொண்டோம். இந்தக் கமிட்டி எடுத்த முடிவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இரங்கல் கூட்டம் என்பதற்காக மறைக்க முடியாது. எட்டு மணிக்கு ஆண்கள் நேரம். நாங்கள் துண்டோடு வெளியே காத்திருப்போம். கதவு திறக்காது. உள்ளே ஒரே கும்மாளம். ஒருநாள் அதட்டிக் கேட்டேன். "எட்டு மணிக்கு விசில் ஊதிட்டேனே அண்ணாச்சி, கேக்கலையா?" என்றார். ஊதியது உண்மைதான். ஆனால் முதல் விசிலுக்கு யாரும் கரையேற வேண்டாம் என்பது அங்கே வழக்கமாம்! இரண்டாவது விசிலுக்கு ஒரு முங்கு. மூன்றாவது விசிலுக்குத்தான் வெளியே வருவது. எங்கள் நேரத்தில் தினமும் கால் மணியைத் திருடி அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கமிட்டியில் கண்டித்தோம். சிரித்துக்கொண்டே "சரி அண்ணாச்சி" என்பார். மறுநாளும் மூன்று விசில்தான்.

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். சான்று பெற்ற பெண் உயிர்காப்பாளர் கரையில் இல்லாமல் பெண்கள் நேரம் நடக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி, நானும் சேர்ந்துதான் போட்டேன். அவர் போன நாளிலிருந்து காலை ஏழு மணிக்குக் குளம் பூட்டிக் கிடக்கிறது. நேற்றுக் கமிட்டி கூடியது. ஆள் கிடைக்கவில்லை, கோடை தொடங்கிவிட்டது, அந்த நேரத்தை இந்த ஆண்டு ஆண்களுக்கே கொடுத்துவிடலாம் என்றார்கள். அதை இந்த மேடையில் அறிவிக்கும் பொறுப்பு என்னுடையது. அதற்காகத்தான் பின்னால் நிற்கும் பெண்கள் தூக்கத்தை விட்டு வந்து நிற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அறிவிப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாஸ்டரிடம் நீச்சல் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஆண்கள் இறக்கிக்கொள்ளுங்கள். பெண்கள் மட்டும்.

அடேயப்பா!

கமிட்டி நண்பர்களே, திரும்பிப் பாருங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றோமே, யாரைக் கேட்டோம்? எனக்கு இத்தனை கை வேண்டாம், ஒன்று போதும். மாவட்டச் சங்கத்தின் பரீட்சைக்கு வர வேண்டும். ஒருவரை இழுத்துக்கொண்டு நீந்த வேண்டும். ஆழத்தில் போட்ட செங்கல்லை எடுத்து வர வேண்டும். தினமும் காலையில் கரையில் நிற்க வேண்டும். ஷிப்டில் இருப்பவர்களால் முடியாது என்பது தெரியும். வேறு யார்?

யாரது, குடையைத் தூக்கிக் காட்டுவது? ஞானம்மாவா? மைக்கை அங்கே கொடுங்கப்பா. வேண்டாமா? சரி, அவர் சொல்வதை நானே திருப்பிச் சொல்கிறேன். "செங்கல்லு இன்னா பெரிய செங்கல்லு? மாஸ்டரு என்ன தெனம் எடுக்க வுட்டுச்சி. வயசாயிடிச்சின்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது. பரீட்ச எப்பன்னு சொல்லு."

கேட்டீர்களா? எவனும் சொல்லக் கூடாதாம்!

நான் கொண்டுவந்த அறிவிப்பை அறிவிக்கப்போவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்கு ஏற்பாடு செய்கிறேன். ஒன்றியத் தலைவர் தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சல் தெரியாத நாளிலேயே குதித்தவர் ஞானம்மா. இப்போது தெரிந்து குதிக்கப்போகிறார். தேறுவார்.

மாரிராஜ் தம்பி, உங்கள் இழப்பை எங்களால் ஈடுசெய்ய முடியாது. முடியும் என்று சொன்னால் அது பொய். அவர் நடத்திய அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எங்களால் காப்பாற்ற முடியும். காப்பாற்றுவோம். இது இந்தக் குளத்தின் மேல் நான் செய்யும் சத்தியம்.

விடுதிப் பெண்களே, ஞானம்மா தேறிய மறுநாள், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவு திறந்திருக்கும். எட்டு மணிக்கு முதல் விசில் கேட்கும். யாரும் கரையேற வேண்டாம். நாங்கள் துண்டோடு வெளியே நிற்கிறோம்.